துளசிமணி மாற்றவிடாத ஸ்பிரிங்

எங்கள் ரைஃபிள் கிளப் நடந்த பழைய பஞ்சு குடோனின் இரும்புக் கதவை இழுத்ததும் முதலில் வந்தது வாடிப்போன மல்லிகையின் வாசனை. அதன் பிறகுதான் துப்பாக்கிகள் கண்ணில் பட்டன.

நீள மேஜையில் வெள்ளை வேட்டி விரித்து எங்கள் கிளப்பின் ஏர் ரைஃபிள்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நாட்டுத் தயாரிப்புகள் எல்லாம் குழல் மடிந்து வாயைப் பிளந்து கிடந்தன. கடைசியில் இருந்த ஜெர்மன் துப்பாக்கியின் பக்கவாட்டு லீவர், முழுவதும் வெளியே இழுத்தபடி நின்றது. அதன் உள்வாயில்கூட ஒரு சந்தனப் பொட்டு.

என் பக்கத்தில் நின்றிருந்த துளசிமணி கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. "எத்தனை நாளா இப்படிக் கெடக்குதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆயுத பூஜையிலிருந்து என்றார் செயலாளர் நாச்சிமுத்து, பெருமையாக.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்து ஏர் ரைஃபிளின் உயிர் உள்ளே இருக்கும் ஒரு ஸ்பிரிங்தான். லீவரை இழுத்தால் அது இறுகும். விசையைத் தட்டினால் விரிந்து, காற்றை அழுத்தி, பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். இழுத்தால் உடனே சுட வேண்டும். சுடாமல் நாள்கணக்கில் இறுக்கியே வைத்தால் ஸ்பிரிங் அப்படியே சோர்ந்து குட்டையாகிவிடும். பழைய ஸ்பிரிங் என்றால் கேட்கவே வேண்டாம்.

வாயைத் திறந்து வைத்த பூஜை

நாச்சிமுத்துவைத் திட்டவும் முடியவில்லை. அவர் ஒரு மில்லில் மராமத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மில்லில் பூஜை என்றால் எந்திரத்தின் மூடியைக் கழற்றி, பல்சக்கரம் வரைக்கும் பொட்டு வைப்பார்கள். மூடி வைத்த எந்திரத்துக்குப் பொட்டு வைப்பது, முகத்தை விட்டுவிட்டு முதுகுக்குப் பவுடர் பூசுகிற மாதிரி என்பது அவர் கட்சி. அதே நியாயத்தைத் துப்பாக்கிக்கும் செய்துவிட்டார்.

அதோடு விட்டாரா? பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை செய்யாமல் தொடக்கூடாது. விஜயதசமியன்று மறுபூஜை செய்திருக்க வேண்டும். ஆனால் அன்று காலையில்தான் தாராபுரத்திலிருந்து அவருடைய தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வந்தது. போனவர், தங்கை பிடித்துக்கொள்ள, அங்கேயே ஒரு வாரம் தங்கிவிட்டார். குடோன் சாவி அவர் இடுப்பில். அவர் அமராவதி ஆற்றங்கரையில். துப்பாக்கிகள் இங்கே பூவும் பொட்டுமாக வாயைத் திறந்து காத்திருந்தன.

இப்படி ஒரு தப்பை எங்கள் கோயமுத்தூர்க்காரரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. ஆயுதத்தை மதிக்கத் தெரியாதவன் அதைக் கழுவிக்கூட வைத்திருக்க மாட்டான். இவர் மதித்தே கெடுத்தார். அவரை எனக்கு இன்றும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

எங்கள் கடையிலும் ஆயுத பூஜைப் பொரி உண்டு. என் வீட்டுக்காரருக்குக் காந்திபுரத்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரிபாகக் கடை. எங்கள் வீட்டில் பூஜை இல்லை என்றாலும் பக்கத்துக் கடைகளிலிருந்து வருகிற பொரியும் சுண்டலும் மூன்று நாளைக்குத் தீராது. அன்று நான் அதைத் தின்றுகொண்டு கடையில் உட்கார்ந்திருக்காமல் ஒரு நடை குடோனுக்குப் போயிருந்தால் லீவரை மூடச் சொல்லியிருப்பேன். போகவில்லை.

ஒரு துப்பாக்கி, இரண்டு பெண்கள்

இந்த ஜெர்மன் துப்பாக்கிக்கு ஏன் இத்தனை பதற்றம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிளப்பில் போட்டிக்கு லாயக்கான ஏர் ரைஃபிள் அது ஒன்றுதான். அதைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நானும் துளசிமணியும். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே உயரம். தோளில் வைக்கும் கட்டையைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

நான் துப்பாக்கி பழகியது கல்லூரி என்.சி.சி.யில். கோட்டைமேட்டில் எங்கள் அத்தா தராசு பழுது பார்ப்பவர். மகள் துப்பாக்கி பிடிக்கிறாள் என்றதும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு என் குறி எப்படி இருக்கிறது என்று அவரே ரகசியமாகக் கேட்டார். தராசு முள் நடுவில் நிற்க வேண்டும் என்கிற மனிதருக்கு அது புரியாமல் போகுமா?

துளசிமணி கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். இளநீரைப் பிய்த்துப் போடும் குரங்குகளை விரட்ட வீட்டில் ஒரு பழைய ஏர் கன் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் குரங்கைச் சுடமாட்டார். அது உட்கார்ந்திருக்கும் மட்டையின் காம்பைச் சுடுவார். மட்டை அதிர்ந்ததும் குரங்கு இறங்கி ஓடும். அத்தனை உயரத்தில் அத்தனை சிறிய இடத்தில் அடிக்கிறாளே என்று அவர் கணவர்தான் கிளப்பில் கொண்டுவந்து சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி வருவார். வரும்போது எனக்கு இரண்டு தேங்காய் இல்லாமல் வந்ததில்லை.

அவர் சுடுவதைப் பார்ப்பதற்கென்றே நான் என் முறை முடிந்தும் உட்கார்ந்திருப்பேன். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே ஒரு ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். நின்றால் நின்றதுதான். மூச்சு விடுவதே தெரியாது. நான் அப்படியல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் எனக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

கிளப் கமிட்டிக்கு எங்கள் மேல் ஒரு கடுப்பு இருந்தது. குடும்பப் பெண்கள் இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக நல்ல துப்பாக்கியைத் தேய்க்கிறார்கள், கல்லூரிப் பெண்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு மெடல் வரும் என்று பேச்சு. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள். வரப்போகும் மாநிலப் போட்டியில் எங்களில் ஒருத்தராவது தேசியப் போட்டிக்கான மார்க்கைத் தாண்டினால் துப்பாக்கி எங்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் போட்டி முடிந்த வாரமே கைமாறும்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை என்பது வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாதது. சமையல், கடை, தோப்பு, பிள்ளைகள், நாத்தனார் எல்லாம் அந்தக் குடோன் கதவுக்கு வெளியே நின்றுவிடும். துப்பாக்கி போனால் அதுவும் போயிற்று.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் துப்பாக்கிக்குப் பூப்போட்டு ஸ்பிரிங்கைச் சோர வைத்தார் நாச்சிமுத்து.

பலம்தான் மரியாதை

அன்றைக்கே சுட்டுப் பார்த்தோம். லீவர் வெண்ணெயாக வந்தது. அதுவே கெட்ட அறிகுறி. 'டப்' என்று கேட்க வேண்டிய சத்தம் ஈரத்துணியைத் துவைக்கிற மாதிரி கேட்டது. கறுப்பு வட்டத்தின் நடுவில் விழ வேண்டிய பெல்லட் கீழே போய் விழுந்தது.

நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. பரிகாரமாக அவரே பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பீளமேட்டில் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனார். இதே மாதிரி ஒன்று சுற்றித் தரச் சொல்லிக் கேட்டார். பட்டறைக்காரர் நல்ல மனிதர். இவர் முகத்தைப் பார்த்து, இரக்கப்பட்டு, கம்பியை ஒரு சுற்றுத் தடிமனாகவே போட்டுக் கொடுத்துவிட்டார்.

கோயமுத்தூரில் இது ஒரு வியாதி. ஒரு குதிரைசக்தி மோட்டார் கேட்டால் ஒன்றரை இழுக்கிற மாதிரி செய்து கொடுப்பார்கள். கிரைண்டர் கல் கேட்டால் இரண்டு ஆள் தூக்குகிற கல்லாகக் கொடுப்பார்கள். நம்மைத் தேடி வந்தவருக்குக் குறைத்துக் கொடுக்கலாமா என்ற மரியாதை.

அந்த மரியாதையை லீவரில் மாட்டி இழுக்க, நானும் துளசிமணியும் சேர்ந்து தொங்க வேண்டியிருந்தது. சுட்டபோது துப்பாக்கி துள்ளி என் கன்னத்தில் ஒரு அறை வைத்தது. பெல்லட் அட்டையைத் துளைத்து, பின்னாலிருந்த பலகையையும் துளைத்துச் சுவருக்குப் போனது. வீட்டில் மாமியார் கன்னத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்த்தார். பாவம், அந்த மனுஷன் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாதவர்.

திரும்பவும் பழைய ஸ்பிரிங்கையே மாட்டினோம்.

புதுச் செருப்பு

இந்தத் தொடரில் முன்பு துப்பாக்கி பற்றி எழுதியபோது ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேய்ந்த ஸ்பிரிங்கை எப்போது மாற்ற வேண்டும், அதற்கு ஏதாவது கணக்கு உண்டா என்று. எத்தனை குண்டுக்கு ஒரு தரம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு மனதில் நிற்கவில்லை. நின்றதெல்லாம் அப்போது நடந்த ஒரு சண்டைதான்.

போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அசல் ஜெர்மன் ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. கிளப் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வந்தவர், சாக்லேட்டுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்ததும் பளபளவென்று நீளமாக இருந்தது. பழையதைப் பக்கத்தில் வைத்தபோது அதைவிட ஒரு விரல் குட்டை.

உடனே மாற்றிவிடலாம் என்றார் நாச்சிமுத்து. நானும் அதையேதான் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வேண்டாம் என்றார் துளசிமணி.

எனக்குச் சுர்ரென்று வந்தது. கையில் புதுசை வைத்துக்கொண்டு கிழடோடு போகச் சொல்கிறாரே என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. புது ஸ்பிரிங் படிந்து அடங்க நிறையச் சுட வேண்டும், அதுவரை ஒரு குண்டு மேலே போகும், ஒரு குண்டு கீழே போகும், அந்த அளவு சுட நமக்கு நாளும் இல்லை பெல்லட்டும் இல்லை என்றார். பழையது கீழே அடித்தாலும் எவ்வளவு கீழே என்று தெரியும், குறிபார்க்கும் சைட்டை ஏற்றி வைத்துச் சமாளிக்கலாம் என்றார்.

"புதுச் செருப்பப் போட்டுட்டு கல்யாணத்துல பந்தி பரிமாற முடியுங்களா பாத்திமா? கடிச்சுப்போடுமுங்க. கல்யாணம் முடியட்டும், அப்பறம் போட்டுக்கலாம்."

பழசு நடுவிலேயே உடைந்துவிட்டால் என்று கேட்டேன். உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து சுடுவதைக் குறைத்தோம். லீவரை இழுக்காமல், குண்டு போடாமல், சும்மா தூக்கிக் குறிபார்த்து நிற்பதுதான் பயிற்சி. ஒரு முறைக்குச் சிக்கனமாக ஒரு பிடி பெல்லட். வார நாட்களில் துளசிமணி தோப்பில் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக் குறிபார்த்து நின்றாராம். அவருடைய மாமனார் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேறு வரப்பில் இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

மெட்ராஸில்

போட்டி மெட்ராஸில். குலுக்கலில் துளசிமணிக்கு முதல் பிரிவு வந்தது, எனக்கு இரண்டாவது. அவர் சுட்டு முடித்ததும் அதே துப்பாக்கியை நான் வாங்கிச் சுட வேண்டும்.

ஆளுக்கு நாற்பது குண்டு. அதற்கு முன்னால் சைட்டிங் என்று வெள்ளோட்டமாகச் சுட்டுக்கொள்ளலாம். அதற்கு மார்க் கிடையாது. நேரம் இருக்கிறவரை எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். அன்றைய வெளிச்சம், துப்பாக்கியின் போக்கு எல்லாவற்றையும் அதில்தான் பிடிக்க வேண்டும். யாராக இருந்தாலும் பதினைந்து, இருபது சுடாமல் ஆரம்பிக்க மாட்டார்கள்.

நான் பின்னால் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துளசிமணி ஒன்று சுட்டார். இன்னொன்று சுட்டார். பிறகு அட்டையை மாற்றிக்கொண்டு நேராகப் போட்டியையே ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. இதென்ன திமிர், வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி என்ன அவசரம் என்று வாய்க்குள் திட்டினேன். நினைத்த மாதிரியே ஆயிற்று. முதல் சில குண்டுகள் கீழே இறங்கின. அதன் பிறகுதான் அவருக்குப் பிடி கிடைத்தது. அப்புறம் சுட்டார் பாருங்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் வேறு ஊர்ப் பயிற்சியாளர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். அந்தச் சோர்ந்த ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குண்டு போன பிறகும் பெல்லட் அட்டையைத் தொடுகிறவரை அசையாமல் நின்று, பத்தும் ஒன்பதுமாக அடுக்கினார்.

ஆனால் ஆரம்பத்தில் விட்டதை எட்டிப்பிடிக்க முடியவில்லை. இரண்டே மார்க்கில் தவறிவிட்டார்.

துப்பாக்கியை என்னிடம் கொடுத்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கொஞ்சம் கீழ எறங்குதுங்க, சைட்ட ரெண்டு கிளிக் ஏத்தி வெச்சிருக்கேன். நீங்க சைட்டிங் போட்டு நேரத்த ஓட்ட வேண்டாம், நேரா ஆரம்பிச்சுருங்க," என்றார்.

அவர் பேச்சைக் கேட்டேன். நாலைந்தோடு நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் வைத்துக் கொடுத்த அளவு கச்சிதமாக இருந்தது. எனக்குள் நடக்கும் பஞ்சாயத்துகூட அன்று கலைந்துபோயிருந்தது. இனி நான் ஒருத்திதான், நானும் விட்டால் துப்பாக்கி போயிற்று என்ற ஒன்று மட்டும் தெரிந்தது.

கடைசிப் பத்தில் லீவரை இழுக்கும்போது மணலில் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு. முடிவதற்கு நாலைந்து குண்டு இருக்கும்போது உள்ளே 'டிக்' என்று ஏதோ விட்டது. அடுத்த பெல்லட் ஏழாவது வட்டத்துக்கு இறங்கியது. சைட்டை ஏற்றினேன். அடுத்தது எட்டு. இன்னும் ஏற்றினேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் மீதியைச் சுட்டேன். எண்ணி முடித்தபோது வேண்டிய மார்க்குக்கு மேல் ஒன்று இருந்தது.

துளசிமணி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

இரண்டு துண்டு

அடுத்த ஞாயிறு குடோனில் நாச்சிமுத்து துப்பாக்கியைப் பிரித்தார். பின்பக்கத் திருகைக் கழற்றிச் சாய்த்ததும் ஸ்பிரிங் மேஜையில் விழுந்தது. இரண்டு துண்டாக.

முறிந்த இடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார் நாச்சிமுத்து. பாதி முறிவு துருப்பிடித்த பழசு, மீதி புதுசு என்றார். முன்னாலேயே ஒரு பத்துப் பதினைந்து குண்டு கூடுதலாகச் சுட்டிருந்தால், பாத்திமா பாதியில் நிற்கும்போதே இது போயிருக்கும், ஏதோ அதிர்ஷ்டம் என்றார்.

பத்துப் பதினைந்து குண்டு. நான் துளசிமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் புது ஸ்பிரிங்குக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் சைட்டிங் போடலீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது குண்டுக்கு லீவர் இழுக்கறப்பவே சொரசொரன்னுச்சுங்க. இது ரெண்டு பேருக்குத் தாங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் எனக்குக் கை நின்றிருக்குமா என்று திருப்பிக் கேட்டார். நின்றிருக்காது.

எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள்தான் நன்றாகச் சுடுகிறவர், ஒழுங்காக சைட்டிங் போட்டிருந்தால் சுலபமாகத் தாண்டியிருப்பீர்கள், எனக்காக விட்டுக்கொடுக்க உங்களை யார் கேட்டது என்று பொரிந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கெணத்துல தண்ணி கம்மியானா பூராத் தோப்புக்கும் பாய்ச்ச முடியாதுங்க. எந்த மரம் காய்க்குமோ அதுக்குத்தான் உடுவோம். பூஜைக்கு முன்னாடி இருந்தே பயிற்சில நீங்க தாண்டீட்டு இருக்கறீங்க. நான் ஒருக்காக்கூடத் தாண்டலீங்க. நீங்க அதைப் பாக்கவே இல்ல. நான் பாத்தேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவர் நிற்கும் அழகையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. என்னைவிட அவர் ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இல்லை என்பதை அவர் தெரிந்துகொண்டு, அதை ஏற்றுக்கொண்டு, அதை வைத்துக் கணக்கும் போட்டிருக்கிறார். அந்த நேர்மை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

அப்படியானால் நாற்பதையும் ஏன் சுட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதையும் உட்டுக்கொடுக்க நானென்ன சாமியாருங்களா? எனக்கும் ஆசை இருக்குமில்லீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். முகமெல்லாம் கறையானதுதான் மிச்சம்.

புது ஸ்பிரிங்கை உள்ளே விட்டுத் திருகை முடுக்கினார்கள். நான் லீவரை இழுத்து, பெல்லட்டை வைத்து மூடி, துப்பாக்கியைத் துளசிமணியிடம் கொடுத்தேன். முதல் குண்டு அவர்தான் சுட வேண்டும் என்றேன்.

வாங்கித் தோளில் வைத்தார். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார். நான் எப்போதும் பார்க்கிற அதே நிற்பு. எதிரே அட்டையை வெகுநேரம் குறிபார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுடாமலே இறக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

"தேசியப் போட்டிக்குப் போற ஆளு பழகட்டுமுங்க," என்றார். பையிலிருந்து எனக்கான இரண்டு தேங்காயை எடுத்து மேஜையில் வைத்தார்.